ராக்கியின் பாட்டி எங்கே?

முதல் அரைமணி நேரத்துக்குள், எங்களுக்குப் பழக்கமான பூர்வகுடி ஆன்ட்டி ஏழெட்டு தடவை சிரித்துவிட்டார். சும்மா புன்னகை இல்லை, சோபாவின் கையைத் தட்டித் தட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், கூடச் சேர்ந்து சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஏனென்றால் அதே காட்சிகளை ஐந்து வருடத்துக்கு முன்னால் மெல்பர்ன் தியேட்டர் ஒன்றில் பார்த்தபோது அங்கே இருமக்கூட ஆள் இல்லை. சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது என்று எழுத வந்தேன், ஆனால் எங்கள் ஊர்ச் சாவு வீட்டில் இதைவிடச் சத்தம் அதிகம்.

படம் 'சாம்சன் அண்ட் டிலைலா'. 2009இல் வந்தது. எழுதி இயக்கி, கேமராவையும் தானே பிடித்தவர் வாரிக் தோர்ன்டன், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்காரர், கைட்டிட்டி இனத்தவர். நம் பைபிளில் சிம்சோன், தெலீலாள் என்று வரும் அதே பெயர்கள்தான். ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், செம்மண் பாலையில், சில வீடுகளே உள்ள ஒரு பூர்வகுடிக் குடியிருப்பில் வாழும் ஒரு பதின்வயசுப் பையனும் பெண்ணும். பையன் காலையில் கண் விழித்ததும் பெட்ரோலை முகர்வான். அவள் தன் பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கிளினிக்குக்குப் போவாள், மருந்து கொடுப்பாள், பாட்டி ஓவியம் வரையும்போது கூட உட்கார்ந்து புள்ளி வைப்பாள். அந்த ஓவியங்களை வெள்ளைக்காரர் ஒருவர் வந்து சொற்பக் காசு கொடுத்து வாங்கிப் போவார். பாட்டி செத்துப்போகிறாள். ஊர்ப் பெண்கள் பேத்தியைப் பழி சொல்லிக் கட்டையால் அடிக்கிறார்கள். பையன் ஊர்க் காரைத் திருடி அவளை ஏற்றிக்கொண்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வருகிறான். பாலத்துக்கு அடியில் படுக்கிறார்கள். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் மோசத்திலும் மோசம். அவளை ஒரு காரில் தூக்கிப் போகிறார்கள், பையன் பெட்ரோல் போதையில் முன்னால் நடந்துகொண்டே இருக்கிறான், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வசனம் என்று கணக்குப் பார்த்தால் ஒரு பக்கம் தேறாது. பையன் படம் முழுக்கப் பேசுவது ஒரே ஒரு வார்த்தை, தன் பெயர், அதுவும் திக்கித் திக்கி.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன்.

முதலில் மெல்பர்ன். நான் 2008இல் மாணவர் விசாவில் வந்தவன், திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். கணக்குப் படிப்பு, ராத்திரி ஒரு கிடங்கில் வேலை, ஒரு வீட்டில் ஏழு பேர். கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித்தந்த அம்மா, 'இந்த நாட்டுக்கு வந்திருக்கிறீர்கள், இந்த நாட்டைப் பற்றி ஒரு படமாவது பாருங்கள்' என்று எங்கள் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனார். தியேட்டரில் எங்களைத் தவிர ஏறக்குறைய எல்லோரும் ஐம்பது தாண்டிய வெள்ளைக்காரர்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடி முடிகிறவரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பின் வரிசையில் ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெளியே வந்ததும் காபிக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். முக்கியமான படம். ரொம்ப முக்கியமான படம்.

எனக்கு அந்த வார்த்தையில் அப்போதே ஏதோ இடறியது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. பிடித்த படத்தை யாரும் முக்கியமான படம் என்று சொல்வதில்லை. பிடித்திருந்தால் அந்த ஸீனைப் பார்த்தாயா, இந்தப் பாட்டைக் கேட்டாயா என்றுதான் பேச்சு போகும். முக்கியம் என்பது ஒரு முத்திரை, குத்திவிட்டு அந்தக் காகிதத்தைக் கோப்பில் வைத்துவிடலாம். எங்கள் வகுப்பிலும் ஒருவன் சொன்னான், தரமான படம்தான், ஆனால் ஒரு தடவைக்கு மேல் பார்க்க முடியாது என்று. நம் ஆட்கள் சோகப் படத்துக்கு எப்போதும் கொடுக்கிற சான்றிதழ் இது.

அவர்களைக் குறை சொல்வதும் அவ்வளவு சரியில்லை. அந்தக் கூட்டம் எந்தக் கண்ணோடு தியேட்டருக்குள் வந்தது என்று பார்க்க வேண்டும். 2007 ஜூனில் ஜான் ஹோவர்டின் அரசு, பூர்வகுடிக் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாகிறார்கள் என்ற அறிக்கையைக் காரணம் காட்டி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் வடக்கு ஆட்சிப்பகுதியின் பூர்வகுடி ஊர்களுக்குள் பட்டாளத்தையே அனுப்பியிருந்தது. இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே அந்த நடவடிக்கைக்காக நிறுத்திவைத்தார்கள். ஊர் வாசல்தோறும் மதுவும் ஆபாசப் படமும் இங்கே கூடாது என்று பெரிய பலகை நட்டார்கள். உங்கள் தெருமுனையில் அப்படி ஒரு பலகை நட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2008 பிப்ரவரி 13இல் அடுத்த பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில், தாய் தகப்பனிடமிருந்து அரசே பிடுங்கிச் சென்ற பூர்வகுடிப் பிள்ளைகளின் தலைமுறைகளிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்கு அடுத்த வருடம் இந்தப் படம். பட்டாளம் ஒரு பக்கம், மன்னிப்பு ஒரு பக்கம், இரண்டையும் டிவியில் பார்த்துப் பார்த்துப் பழகிய நகரத்துக் கண்ணுக்குத் திரையில் ஒரு கறுப்புப் பையன் பெட்ரோல் முகர்வது தெரிந்தவுடனேயே அது செய்தியாகிவிட்டது. செய்தியைப் பார்த்துச் சிரிக்க முடியாது இல்லையா.

ஆனால் படத்துக்கு வரவேற்பு பிரமாதம். நாட்டின் பேர்போன டிவி விமர்சக ஜோடி மார்கரெட் பொமரான்ஸும் டேவிட் ஸ்ட்ராட்டனும் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள், இருவருமே. கான் விழாவில் முதல் படத்துக்கான கேமரா டி'ஓர் விருது. ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவன விருதுகளில் ஏழு. சுமார் 16 லட்சம் டாலரில் எடுத்து, உள்நாட்டுத் தியேட்டரிலேயே 30 லட்சத்துக்கு மேல் வசூல். இந்த மாதிரிப் படத்துக்கு அது பெரிய தொகை. ஆனால் கையோடு கை வந்த 'பிரான் நூ டே', பூர்வகுடிப் பாட்டு நடனப் படம், அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வசூலித்தது. 2012இல் வந்த 'தி சஃபையர்ஸ்', அதிலும் பாட்டுத்தான், ஒரு கோடியே 40 லட்சத்தைத் தாண்டியது. பூர்வகுடிகள் ஆடிப் பாடினால் பார்க்க மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், நான் ரொம்ப நாளாக யாரிடமும் சொல்லாதது. படம் பார்த்த அதே மே மாதக் கடைசி நாளில், 31ஆம் தேதி, மெல்பர்ன் ஃப்ளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்துக்கு முன்னால் இந்திய மாணவர்கள் உட்கார்ந்து மறியல் செய்தார்களே, எங்களை அடிக்கிறார்கள், இது இனவெறி என்று, அதில் நானும் உட்கார்ந்திருந்தேன். தொண்டை கட்டக் கத்தினேன். கோபம் நியாயமானதுதான், எங்கள் வீட்டிலேயே ஒருவனை ரயிலில் அடித்திருந்தார்கள். ஆனால் மூன்று வாரம் முன்னால் பார்த்த படம் அந்தக் கூட்டத்தில் ஒரு நொடிகூட எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. அது வேறு யாருடைய விஷயமோ.

2013இல் என் மனைவிக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நர்ஸ் வேலை கிடைத்தது. சின்ன ஊர், சம்பளம் நன்றாக வரும், நிரந்தர விசாவுக்கு வழி. எங்களைப் போலக் கணக்குப் போட்டு வந்த மலையாளிகளும் பஞ்சாபிகளும் தமிழர்களும் அங்கே ஏற்கெனவே நிறைய. ஊர் நடுவே டாட் ஆறு. ஆறு என்றால் மணல், இரண்டு பக்கமும் பெரிய பெரிய யூகலிப்டஸ் மரங்கள். தண்ணீர் ஓடி மூன்று தடவை பார்த்துவிட்டால் நீ உள்ளூர்க்காரன் என்பார்கள். வறண்ட ஆற்றில் வருடா வருடம் படகுப் போட்டி நடத்துவார்கள், அடியில்லாத படகுக்குள் நின்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, வைகைக் கரையில் பிறந்தவனுக்குக்கூட இந்த யோசனை வந்திருக்காது. வந்த முதல் வாரமே பாலத்தைப் பார்த்தேன். படத்தில் அவர்கள் படுத்திருந்தது மாதிரியான பாலம். அடியில் ஆட்கள் இருந்தார்கள். காரை நிறுத்தாமல் போனேன்.

எனக்குக் கிடைத்த வேலை ஒரு பெட்ரோல் பங்கில், அங்கே சர்வோ என்பார்கள், ராத்திரி ஷிஃப்ட். பெட்ரோல் முகரும் பையனைப் பற்றிய படம் பார்த்தவன் பெட்ரோல் விற்கப் போனேன். போன முதல் நாளே முதலாளி சொல்லித்தந்தது, நாம் விற்பது ஓப்பல் என்பது. 2005இல் பிபி கம்பெனி கொண்டுவந்த பெட்ரோல். சாதாரணப் பெட்ரோலில் போதை தரும் வாசனை வேதிப்பொருட்கள் கால் பங்கு இருக்குமென்றால் இதில் 5 சதவீதம்தான், முகர்ந்தாலும் தலைக்கு ஏறாது. வண்டி நன்றாகவே ஓடும். அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. அது வந்தபிறகு நடு ஆஸ்திரேலியாவில் பெட்ரோல் முகர்வது வெகுவாகக் குறைந்துபோனது. அதனால் படத்தைப் பார்த்த உள்ளூர் ஆட்கள் சிலர், இது பழைய கதை என்றும் சொன்னார்கள். ஓரளவு சரி. ஆனால் நான் வேலை பார்த்த கடைசி வருடங்களில் உடம்பில் அடிக்கும் ஸ்பிரே கேன்களைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தோம். டப்பா மாறியது, அவ்வளவுதான்.

ஓப்பல் வருவதற்கு வெகுநாள் முன்பே, 1994இல், யுவெண்டுமு என்ற ஊரின் வார்ல்பிரி இனத்துப் பெரியவர்கள் தாங்களாகவே ஒன்று செய்தார்கள். ஆலிஸிலிருந்து வடமேற்கே கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் அந்த ஊர். முகர்ந்துகொண்டு திரிந்த பிள்ளைகளை அங்கிருந்து இன்னும் 160 கிலோமீட்டர் தள்ளி மவுண்ட் தியோ என்ற இடத்துக்குக் கூட்டிப்போய், வேட்டை, கதை, சமையல், தூக்கம் என்று கூடவே இருந்து தேற்றி அனுப்பினார்கள். படத்தின் கடைசிப் பகுதியில் டிலைலா உடைந்த காலோடு திரும்பி வந்து பையனை அள்ளிக்கொண்டு போய்த் தன் குடும்பத்து நிலத்தில் வைத்துக் குளிப்பாட்டுகிறாளே, மெல்பர்னில் என் வகுப்புக்காரர்கள் அதைச் சினிமாத்தனம் என்றார்கள். நடக்காத ஆறுதல் முடிவாம். நானும் தலையாட்டினேன். அது சினிமாத்தனம் இல்லை, அந்தப் பக்கத்தில் உண்மையில் நடந்த வைத்தியம்.

ஆன்ட்டி அந்த ஊர்க்காரர். என் மனைவியோடு வேலை பார்த்தவர், நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவே பேசிப் புரியவைக்கிற வேலை. வயசில் மூத்தவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிடுவது அவர்களுக்கும் வழக்கம், நமக்கும் வழக்கம், அதனால் முதல் நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டது. வார்ல்பிரிகளுக்குள் எல்லோருக்கும் ஒரு 'ஸ்கின்' பெயர் உண்டு. தோல் இல்லை, முறை. மொத்தம் எட்டுப் பிரிவு, ஆணுக்கு ஒரு உருவம் பெண்ணுக்கு ஒரு உருவம். உன் பெயர் தெரிந்துவிட்டால் நீ எனக்கு என்ன வேண்டும், யாரைக் கட்டலாம், யாரிடம் பேசக்கூடாது என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். வெள்ளைக்காரர்களுக்கு இதை விளக்க அட்டவணை போடுவார்கள். எனக்கு ஆன்ட்டி இரண்டு நிமிஷத்தில் விளக்கினார், மூன்றாவது நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அத்தை மகன், மாமன் மகள், பங்காளி, சம்பந்தி என்று வளர்ந்தவனுக்கு இதில் என்ன கஷ்டம்?

அவர் நம்பிஜின்பா. என் மனைவியை மகளாக எடுத்துக்கொள்ள முதலில் ஆசைப்பட்டாராம். அப்புறம் யோசித்து, மகளென்றால் உன் புருஷன் எனக்கு மருமகன் ஆகிவிடுவான், மருமகன் மாமியாரோடு பேசவே கூடாது, எங்களை யார் காரில் கடைக்குக் கூட்டிப்போவது என்று சொல்லித் தங்கையாக்கிவிட்டார். அதனால் அவளும் நம்பிஜின்பா, நான் ஜப்பங்கார்டி. எங்கள் ஆச்சி, என் அப்பா வீட்டுக்குள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள், கடைசிவரை அவர் முகத்துக்கு நேரே பேசியதில்லை. இதை ஆன்ட்டியிடம் சொன்னேன். 'நல்ல மனுஷி' என்றார்.

சரி, படத்துக்கு வருகிறேன். அன்றைக்கு டிவிடி போட்டது என் மனைவி. ஆன்ட்டி அதை முதல் தடவையே பார்த்திருக்கிறார், தியேட்டருக்கு வருவதற்கு முன்னாலேயே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பழைய தந்தி நிலையத்தின் திறந்தவெளியில் ஊர் மக்களுக்கென்று போட்டபோது. அந்த இடத்தைப் பற்றித் தெரிய வேண்டும். 1932 முதல் 1942 வரை அங்கே 'பங்களா' என்று ஒரு விடுதி இருந்தது, வெள்ளை அப்பனுக்குப் பிறந்த கலப்புப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து வைத்த விடுதி. சார்லஸ் பெர்கின்ஸ் 1936இல் அங்கேதான் பிறந்தார். சிட்னிப் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது 1965இல் பஸ் எடுத்துக்கொண்டு நாட்டுப்புற ஊர்களுக்குப் போய் நிறவேற்றுமையை எதிர்த்துப் போராடினாரே, அவர்தான். அந்தப் பயணத்தில் பவ்ராவில் என்ற ஊரின் தியேட்டரில், பூர்வகுடிகளுக்குத் தனி வாசல், முன்னால் தனி இருக்கை என்பதை எதிர்த்தார்கள். அவர் பிறந்த இடத்தில் பாயும் போர்வையும் விரித்து அவருடைய சனம் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறது. ஆன்ட்டிக்கு அதெல்லாம் பெரிதில்லை. 'குளிர். பேரன் தூங்கிவிட்டான். நாங்கள் எல்லாம் சிரித்தோம்' என்றார்.

எதற்குச் சிரித்தார்கள்? வாசலில் பையனுடைய அண்ணன்காரனின் இசைக்குழு தினமும் காலையிலிருந்து ஒரே ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், வேறு மெட்டே கிடையாது. அதற்கு. பையன் தன் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து டிலைலாவின் வேலிக்குள் போடுவான், அவள் அதைத் தூக்கி வேலிக்கு வெளியே எறிவாள், அவன் திரும்பவும் கொண்டுவருவான். அதற்கு. ஆனால் எல்லாவற்றையும்விடப் பாட்டி சிரிக்கும்போது. பாட்டிக்கு அந்தப் பையனைப் பார்த்தால் போதும், பேத்தியைச் சீண்ட ஆரம்பித்துவிடுவாள், உன் புருஷன் வர்றான் பார் என்று. பேத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாட்டி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். பாட்டியாக நடித்த மிட்ஜிலி நபனங்கா கிப்சன் பெயர்பெற்ற ஓவியர், டிலைலாவாக நடித்த மரிசா கிப்சனின் சொந்தப் பாட்டியே. அந்தச் சிரிப்பு நடிப்பில்லை. அவன் சரியான முறைக்காரன்தான், அதனால்தான் பாட்டி கேலி செய்கிறாள், முறை தப்பியிருந்தால் அது கேலியா, அடி விழும் என்றார் ஆன்ட்டி. என் தலையில் அப்போதுதான் விளக்கு எரிந்தது. மெல்பர்னில் நான் இரண்டு பாவப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முறைப்பையனையும் முறைப்பெண்ணையும் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு வயசில் என் மாமன் மகளை வைத்து ஆச்சி என்னைக் கேலி செய்தபோது நான் ஓடி மொட்டைமாடியில் ஒளிந்தவன், எனக்கே தெரியவில்லை என்றால் பின் வரிசையில் மூக்கை உறிஞ்சிய அந்த அம்மாவை என்ன சொல்ல?

இதை எழுதும்போது நினைவுக்கு வருவது எரிக் மைக்கேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1980களில் யுவெண்டுமுவில் தங்கி, வார்ல்பிரி மக்கள் வீடியோ பார்ப்பதைக் கவனித்து எழுதினார். 1985இல் அரசாங்க அனுமதிக்குக் காத்திராமல் சொந்தமாகவே டிவி ஒளிபரப்ப ஆரம்பித்த ஊர் அது. ஹாலிவுட் படம் பார்த்துவிட்டு அவர்கள் கேட்ட கேள்விகளைக் குறித்துவைத்திருக்கிறார். ராக்கி படத்தைப் பார்த்துவிட்டு, ராக்கியின் பாட்டி எங்கே, அவனுடைய மச்சினியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்களாம். குத்துச்சண்டையில் ஜெயித்தானா தோற்றானா என்பது அப்புறம். ஒரு மனுஷனுக்கு யார் யார் உறவு என்று தெரியாமல் அவன் கதையை எப்படிப் பின்தொடர்வது? இந்தக் கேள்வியை நான் சிரித்துக்கொண்டே படித்தேன். அப்புறம் என் அம்மா சீரியல் பார்க்கும்போது கேட்கும் கேள்விகள் ஞாபகம் வந்தது.

ஆன்ட்டி எல்லாவற்றுக்கும் சிரித்தார் என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டி செத்ததும் டிலைலா கத்தியை எடுத்துத் தன் முடியை அறுக்கும்போது அவர் கைகள் மடியில் கோத்துக்கொண்டன. பைபிளில் தெலீலாள் அவன் முடியை வெட்டவைப்பாள், இங்கே அவரவர் முடியை அவரவரே அறுக்கிறார்கள், துக்கத்துக்கு. அது அவர்கள் வழக்கம். பெண்கள் கட்டையால் அடிக்கும் காட்சியில் ஆன்ட்டி தன் மொழியில் ஏதோ சொன்னார், எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, துக்கத்தில் பழி சொல்வார்கள், அது உண்டு, ஆனால் அந்தப் பிள்ளையோடு யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும், இவர்கள் உட்காரவில்லை, அது தப்பு என்றார். கார்க் காட்சி வருவதற்கு முன்பே எழுந்து வெளியே சிகரெட் பிடிக்கப் போய்விட்டார். எப்போது வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தோம். பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்கு யார் சொல்லித்தந்தது என்று தெரியவில்லை, மெல்பர்ன் தியேட்டராக இருக்கலாம்.

என் மனைவியின் கேள்வி வேறு. அவள் நர்ஸ். டிலைலா மேல் கார் மோதுகிறது, செத்துவிட்டாள் என்றே பையனும் நாமும் நினைக்கிறோம், அப்புறம் காலில் கட்டோடு திரும்பி வருகிறாள். 'நடுவுல ஆஸ்பத்திரி இருக்கே. யாரு கட்டுப் போட்டது? அந்த ஸீன் எங்க? அதுல நாங்கதானே இருக்கணும்?' என்றாள். படத்தில் எனக்கும் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். எல்லா அடியும் அவளுக்கு, கடைசியில் அவனைத் தேற்றுகிற வேலையும் அவளுக்கே. ஒரு கால் உடைந்தபிறகும் கங்காருவைச் சுட்டு, தீ மூட்டி, அவனைத் தொட்டியில் உட்காரவைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். அன்பு என்று எல்லோரும் உருகுகிறார்கள். ஆன்ட்டியிடம் இதைச் சொன்னேன். 'வேறு யார் செய்வார்?' என்று கேட்டார். அதைப் பெருமையாகச் சொன்னாரா சலிப்பாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

தமிழ்க் குடும்பங்களோடு பார்த்தது 2016 பொங்கல் சமயம், எங்கள் வீட்டில், நான்கு குடும்பம். போட்டிருக்கக் கூடாது. பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். என்னங்க படம் இது, பேசவே மாட்டேங்கிறான் என்றார் ஒருவர். மெட்ராஸில் சென்ட்ரல் பக்கம் பசங்க சொல்யூஷன் முகர்வானுங்களே, அதேதான் என்றார் இன்னொருவர், அது சரியான பேச்சு. அதோடு நிறுத்தியிருக்கலாம். கவர்மென்ட் மாசா மாசம் காசு போடுது, வீடு கொடுக்குது, இவங்க அப்படித்தான், திருத்த முடியாது என்று ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் காலனிப் பக்கத்தைப் பற்றி இதே வாக்கியத்தை இதே தொனியில் கேட்டு வளர்ந்தவன் நான், அதனால் புதிதாக இல்லை. ஏழு கடல் தாண்டி வந்தும் பெட்டியில் அது பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. நான் அன்றைக்கு வாயைத் திறந்து மறுத்தேனா என்றால், இல்லை. சர்க்கரைப் பொங்கல் எடுத்துவரச் சமையலறைக்குப் போனேன்.

அங்கே யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் நின்றுகொண்டிருந்தார், படத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். அதிகம் பேசாதவர். வன்னியிலிருந்து எப்படி வந்தார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. 'தம்பி, அந்தப் பெட்டையின்ர தாய் எங்க?' என்றார். படத்தில் வரவில்லை அக்கா என்றேன். 'தாயும் இல்லை, தேப்பனும் இல்லை. அம்மம்மாவும் போயிட்டா. அங்க இருக்கிறவை அவன் என்னத்தை மோந்து பாக்கிறான் எண்டுதான் கதைக்கினம். தாய் எங்க எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.' ராக்கியின் பாட்டி கேள்விதான். அவருக்கு நான் எரிக் மைக்கேல்ஸ் கதையெல்லாம் சொல்லவில்லை, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

படத்தில் டிலைலா தான் வரைந்த சின்னச் சின்ன ஓவியங்களை எடுத்துக்கொண்டு காபிக் கடை மேஜைகளில் உட்கார்ந்திருப்பவர்களிடம் நீட்டுவாள். யாரும் வாங்க மாட்டார்கள், பார்க்கவே மாட்டார்கள். பக்கத்துக் காட்சிக்கூடத்தில் அவள் பாட்டியின் ஓவியம் ஆயிரக்கணக்கான டாலர் விலைச்சீட்டோடு தொங்கும். மெல்பர்னில் அந்தக் காட்சியில் நான் அந்தக் காபிக் கடைக்காரர்களை மனசுக்குள் திட்டினேன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் டாட் மால் என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது, மர நிழலில் பூர்வகுடிப் பெண்கள் ஓவியங்களைத் தரையில் விரித்து உட்கார்ந்திருப்பார்கள், சிலர் மேஜைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். அங்கே ஒன்பது வருடம் ஞாயிற்றுக்கிழமை காபி குடித்திருக்கிறேன். நோ தேங்க்ஸ் என்று சொல்லி போனைப் பார்க்க ஆரம்பிக்க எனக்கு எத்தனை நாள் பிடித்தது என்று நினைக்கிறீர்கள்? இரண்டாவது வாரத்திலேயே வந்துவிட்டது. ஒரே ஒரு ஓவியம் வாங்கினேன், அதுவும் ஊரைக் காலி செய்கிற வாரம்.

கடைசியாக அந்த டெலிபோன். குடியிருப்பில் ஒரு பொதுத் தொலைபேசி, யாரும் எடுக்காமல் அது அடித்துக்கொண்டே இருக்கும். மெல்பர்னில் எங்கள் ஆங்கில அம்மா மறுநாள் வகுப்பில் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார், வெளியுலகம் கூப்பிடுகிறது, கேட்க ஆளில்லை, கைவிடப்பட்டதன் குறியீடு என்று. நான் குறிப்பெடுத்தேன். அந்தக் காட்சிக்கும் ஆன்ட்டி சிரித்தார். ஏன் ஆன்ட்டி என்று கேட்டேன். 'போன் உனக்கில்லை, வேறு யாருக்கோ. எடுத்தால் நீ போய் அவனைத் தேட வேண்டும். இந்த வெயிலில். அவன் வீட்டில் இருக்க மாட்டான், அவன் சித்தி வீட்டுக்குப் போகச் சொல்வார்கள், அங்கே போனால் அவர்கள் உன்னிடம் காசு கேட்பார்கள்.' காசு கேட்டு நச்சரிப்பதை அங்கே ஹம்பக் என்பார்கள். 'யாராவது எடுப்பார்களா? பைத்தியக்காரன்தான் எடுப்பான்.'

எங்கள் சர்வோ வாசலிலும் ஒரு டெலிபோன் கூண்டு உண்டு. 2021 ஆகஸ்டில் டெல்ஸ்ட்ரா என்ற தொலைபேசிக் கம்பெனி, பொதுத் தொலைபேசியில் உள்நாட்டு அழைப்புகளை இலவசமாக்கியபிறகு அது ஓயவே இல்லை. ஒரு ராத்திரி, பதினொன்றரை இருக்கும், கடையில் ஆளில்லை, அது அடிக்க ஆரம்பித்து நின்று மறுபடி அடித்தது. ஐந்தாறு தடவை ஆனபிறகு வெளியே போய் எடுத்தேன். வயசான குரல். முதலில் அவருடைய மொழியில் கடகடவென்று பேசினார், நான் ஹலோ சொன்னதும் நிறுத்தி, நீ யார் என்று கேட்டார். சர்வோ என்றேன். ஒரு பையன் பெயரைச் சொல்லி, அங்கே இருப்பான், கூப்பிடு என்றார். டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் நான்கைந்து பசங்கள் நின்றிருந்தார்கள், வழக்கமாக நான் கண்ணாடி வழியாகக் கண்வைத்துக்கொண்டிருக்கும் பசங்கள். பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் ஒருவன் ஆற்றுப்பக்கம் ஓடினான். ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டுக் கல்லாவுக்கு வந்தேன், ஒரு லாரி டீசல் போட வந்திருந்தது. கணக்கு முடித்து நிமிர்ந்து பார்த்தபோது, பதின்மூன்று வயசிருக்கும், ஒரு பையன் வெறுங்காலோடு கூண்டுக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தான், மற்றவர்கள் அவனைச் சுற்றி நின்று ரிசீவரைப் பிடுங்கப் பார்த்தார்கள். இருபது நிமிஷம் பேசினான். முடித்துவிட்டு உள்ளே வந்து, பாட்டி உங்களைக் கேட்டார்கள், நீங்கள் யாருடைய ஆள் என்று தெரியணுமாம் என்றான்.

ஜப்பங்கார்டி என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெளியே ஓடிப்போய் மற்றவர்களிடம் சொன்னான். அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அப்புறம் ஐந்து பேருமாகத் திரும்பி வந்து, அப்படியென்றால் நீ எங்களுக்குச் சிப்ஸ் வாங்கித்தர வேண்டும் என்றார்கள்.